மூத்திரத்தை அடக்குவதா மானம்?

(தேனியில் நடந்த பொதுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேசுவதற்கு எடுத்துக் கொண்டிருக்கும் சங்கதி மூத்திரம். இந்த வார்த்தையைச் சொன்னவுடனேயே முன்வரிசையில் சில தோழர்கள் சிரித்து விட்டார்கள். தாய்மார்களில் சிலர் தலையைக் குனிந்து கொண்டார்கள். சிரிக்கின்றவர்கள் சிரித்து முடித்துக் கொள்ளட்டும், நான் காத்திருக்கின்றேன். ஏனென்றால் இந்தச் சிரிப்பும் இந்தத் தலைகுனிவும்தான் நான் பேச வந்திருக்கும் வியாதியை வளர்த்து வருகின்றன. சளி பிடித்தால் வெளியில் சொல்லுகின்றோம். காய்ச்சல் என்றால் ஊருக்கெல்லாம் சொல்லுகின்றோம். நீர்க்கடுப்பு என்றால் மட்டும் பெண்டாட்டி புருஷனிடம் சொல்லுவதில்லை. தாய் மகனிடம் சொல்லுவதில்லை. நான் அப்படிச் சொல்லப்படாத ஒரு தாயின் மகன். ஆகையால்தான் இதைப் பேசுவதற்கு எனக்கு உரிமை உண்டென்று கருதுகின்றேன்.

ஜீப்பில் போன தாய்

நம் கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது விடிவதற்கு முன்னாலே என்ன நடக்கின்றது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பத்திலிருந்து கம்பமெட்டுக்கும், கூடலூரிலிருந்து குமுளிக்கும், போடியிலிருந்து போடிமெட்டுக்கும் ஜீப்புகள் வரிசையாக மலையேறுகின்றன. கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு நம் பெண்கள் அதிலே நெருக்கிக் கொண்டு போகின்றார்கள். பொழுது சாயும்போது திரும்புகின்றார்கள். என் தாயார் அப்படி இருபது வருஷ காலம் போய் வந்தவள்.

அவள் காலையில் எழுந்து கஞ்சி குடிப்பாள்; தண்ணீர் குடிக்க மாட்டாள். "குடிச்சா வழியில நிறுத்தச் சொல்லணும், டிரைவர் அண்ணன்கிட்ட எப்படிடா கேக்குறது" என்பாள். தோட்டத்தில் ஏலச்செடியின் அடியில் குனிந்தும் குந்தியும் காய் பறிக்க வேண்டும். கழிப்பிடம் கிடையாது. மறைவுக்குப் போனால் அட்டைப் பூச்சி, பாம்பு பயம், அதற்கும் மேலே கங்காணியின் கண். ஆகவே காலையில் ஊரில் போனதுதான். மறுபடியும் வீடு திரும்பிய பிறகுதான். இப்படி பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் அடக்கி வைத்தாள்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேலே அவளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. போயிற்று, மறுபடியும் வந்தது. வருஷத்துக்கு நாலு தடவை, ஐந்து தடவை. மூத்திரம் போகும்போது நெருப்பு வைத்ததுபோல எரியும். போய்விட்டு வந்து உட்காருவதற்குள் மறுபடியும் முட்டும். இரவில் ஐந்தாறு தடவை எழுந்து கொல்லைப்பக்கம் போவாள். "என்னம்மா?" என்று நான் ஒரு நாள் கேட்டேன். "சூடுடா, போய்ப் படு" என்றாள். நானும் போய்ப் படுத்து விட்டேன். அந்த ஒரு கேள்விக்கு மேலே இன்னொரு கேள்வி கேட்கவில்லை. அது என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் என்று இந்தக் கூட்டத்தில் ஒப்புக் கொள்ளுகின்றேன்.

சூடும் தீச்சட்டியும்

சூடு என்று சொன்னதனால் அதற்குத் தகுந்த வைத்தியம் நடந்தது. விளக்கெண்ணெய் வைத்தாள்; வெந்தயம் தின்றாள். பிறகு யாரோ ஒருவர் "பேய்க்காற்று பட்டிருக்கிறது" என்றார். இடுப்பில் தாயத்து ஏறிற்று. பிறகு இன்னொருவர் "வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்து கொள்" என்றார். சித்திரைத் திருவிழாவில் என் தாயார் இரண்டு வருஷம் தீச்சட்டி எடுத்தாள். எரிகின்ற வியாதிக்கு எரிகின்ற சட்டி! அவள் மேலே எனக்குக் கோபமில்லை. கேட்க ஆளில்லாதவள் கல்லிடம் கேட்டாள், அவ்வளவுதான். கேட்க ஆளாக இருந்திருக்க வேண்டிய நாங்கள் வாயை மூடிக் கொண்டிருந்தோம் என்பதுதான் குற்றம்.

இதைவிட மோசமான பேச்சும் உண்டு. "நடத்தை சரியில்லாதவளுக்குத்தான் இந்த வியாதி வரும்" என்று சொல்லுகின்ற யோக்கியர்கள் நம் ஊர்களில் இருக்கின்றார்கள். இதனாலேயே எத்தனையோ பெண்கள் வைத்தியரிடம் போவதற்குப் பயப்படுகின்றார்கள். தோழர்களே! நீர்க்கடுப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுகின்ற மேக வியாதி அல்ல. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்த பிறகு சில பெண்களுக்கு அது வருவதுண்டு. அப்போதும் காரணம் அவள் உடம்பிலேயே இருக்கின்ற கிருமி இடம் மாறுவதுதானே ஒழிய, ஒழுக்கத்துக்கும் அதற்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை.

உண்மைக் காரணம் என்ன?

மனிதனுடைய குடலிலே ஈ-கோலி என்று ஒரு கிருமி வசிக்கின்றது. உங்கள் வயிற்றிலும் இருக்கின்றது. என் வயிற்றிலும் இருக்கின்றது. புரோகிதர் வயிற்றிலும் இருக்கின்றது. குடலில் இருக்கின்ற வரையில் பெரும்பாலும் தொல்லை இல்லை. அது மூத்திரத் துவாரத்தின் வழியாக மேலேறி மூத்திரப் பைக்குள் போய்விட்டால் நீர்க்கடுப்பு. பெரும்பாலான நீர்க்கடுப்புக்கு இந்தக் கிருமியே காரணம்.

பெண்களுக்கு ஏன் இது அதிகம்? ஆணுக்கு மூத்திரக் குழாய் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம். பெண்ணுக்கோ 4 சென்டிமீட்டர்தான். ஆசன வாயும் பக்கத்திலேயே இருக்கின்றது. கிருமிக்கு வழி சுருக்கம். பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஆயுளில் ஒரு தடவையாவது இது வருகின்றது என்று வைத்திய நூலார் சொல்லுகின்றார்கள். பாதிப்பேருக்கு வருகின்ற ஒன்றை ஒருத்தியின் பாவமென்றும் விதியென்றும் சொல்லுவது எவ்வளவு மடமை என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனி ஒரு கணக்குப் போடுவோம். இந்தக் கிருமி தனக்கு வசதியான நிலைமையில் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒன்று இரண்டாகும். 8 மணி நேரத்தில் 24 தடவை இரட்டிக்கும். ஒரு கிருமி 1 கோடியே 67 லட்சத்துக்கு மேலே ஆகிவிடும். மூத்திரப் பைக்குள்ளே இவ்வளவு வேகமாக வளராது; உடம்பும் சும்மா இருக்காது, எதிர்த்துப் போராடும். ஆனால் உடம்பு செய்கின்ற போராட்டத்தில் பெரிய ஆயுதம் எது? அவ்வப்போது மூத்திரம் பெருகி வந்து கிருமியை வெளியே அடித்துக் கொண்டு போவதுதான். தண்ணீரையும் குடிக்காமல், வந்ததையும் அடக்கி வைத்தால், அந்த ஆயுதத்தை நாமே பிடுங்கிக் கொண்டவர்களாகின்றோம்.

தண்ணீர் நிறைந்த பள்ளத்தாக்கில் தாகம்

நம் பள்ளத்தாக்கு எப்படிப் பச்சையாயிற்று? யாகம் செய்ததனாலா? வருண ஜபத்தினாலா? மேற்கே ஓடிக் கடலில் விழுந்து கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, 1895-ஆம் ஆண்டில் கிழக்கே திருப்பி விட்டார் பென்னி குயிக் என்னும் எஞ்சினீயர். அவருக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபமும் இருக்கின்றது. அந்தத் தண்ணீரால் நெல் விளைகின்றது. சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் திராட்சை காய்க்கின்றது. கொடிக்கும் வாழைக்கும் வேளை தவறாமல் தண்ணீர் விடத் தெரிந்த நாம், நம் வீட்டுப் பெண் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாளா என்று கேட்டதில்லை.

வெறும் தண்ணீரால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். பரீட்சித்தே பார்த்திருக்கின்றார்கள். அடிக்கடி நீர்க்கடுப்பு வருகின்ற, தண்ணீரும் குறைவாகக் குடிக்கின்ற 140 பெண்களைப் பல்கேரியா தேசத்தில் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கத்துக்கு மேலே தினம் ஒன்றரை லிட்டர் தண்ணீர். மற்றப் பிரிவுக்கு வழக்கம்போல. ஒரு வருஷம் கவனித்தார்கள். அதிகம் குடித்தவர்களுக்குச் சராசரி 1.7 தடவைதான் வியாதி வந்தது, மற்றவர்களுக்கு 3.2 தடவை. இது 2018-இல் வெளியான ஆராய்ச்சி. இருதய வியாதியோ சிறுநீரக வியாதியோ இருப்பவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டு அளவு வைத்துக் கொள்ள வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

நான் வைத்தியனல்ல. ஆனால் என் தாயாரைப் பின்னால் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காப்பாற்றிய வைத்தியர்கள் சொன்னதையும், படித்துத் தெரிந்து கொண்டதையும் சொல்லுகின்றேன்.

முதலாவது, மூத்திரத்தைப் பரிசோதிக்க வேண்டும். எந்தக் கிருமி, அதை எந்த மருந்து கொல்லும் என்று கிருமியை வளர்த்துப் பார்த்துச் சொல்லும் பரிசோதனை உண்டு. ஆறு மாதத்தில் இரண்டு தடவையோ, ஒரு வருஷத்தில் மூன்று தடவையோ வந்தால் அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்கின்றார்கள். அப்படிப்பட்டவர்கள் இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் மருந்து தின்னக் கூடாது. சர்க்கரை வியாதி இருக்கின்றதா, கல் இருக்கின்றதா என்றும் பார்க்க வேண்டும். மூத்திரத்தில் சீழணு இருந்தும் சாதாரணக் கிருமி அகப்படவில்லையென்றால் காசநோய்க் கிருமியையும் தேட வேண்டும். அது நுரையீரலை மட்டும் தாக்குவதல்ல.

இரண்டாவது, மருந்துக் கடையில் போய் "போன தடவை கொடுத்த மாத்திரையைக் கொடுங்க" என்று கேட்கின்ற வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். என் தாயார் அதைத்தான் செய்தாள். இரண்டு மாத்திரை தின்பாள். எரிச்சல் நின்றதும் மீதியை முடிந்து வைத்துக் கொள்ளுவாள். அடுத்த தடவைக்கு ஆகுமாம்! இப்படி அரைகுறையாகவும் கண்டபடியும் தின்றால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிச்சமாகிப் பெருகும். கடைசியில் ஒரு நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து, விலாவின் பின்பக்கம் வலித்து, வாந்தியெடுத்துக் கீழே விழுந்தாள். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. முதலில் போன இடத்தில் ஒரு டாக்டர் காய்ச்சலுக்கு ஊசி போட்டு அனுப்பி விட்டார், மூத்திரம் எப்படிப் போகின்றது என்று கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. வெட்கம் இரண்டு பக்கத்திலும் இருந்தது. ஆகையால் குளிர்க் காய்ச்சல், விலா வலி, வாந்தி, மூத்திரத்தில் இரத்தம் இவைகளில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள் எரிச்சல் கண்டவுடனேயே போக வேண்டும். கம்பத்திலும் போடியிலும் பெரியகுளத்திலும் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கின்றது, க.விலக்கில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கின்றது.

மூன்றாவது, மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்கு அந்த இடத்துத் தோல் மெலிந்து காய்ந்து போவதனால் கிருமி சுலபமாகக் குடியேறுகின்றது. இதற்கு உள்ளே தடவிக் கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு உண்டு. அதனால் வியாதி திரும்ப வருவது குறைகின்றது. வைத்தியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால்தானே கொடுப்பார்!

வாழைத்தண்டுச் சாறு, பார்லிக் கஞ்சி, இளநீர் இவைகளைக் குடிக்கலாமா என்றால், குடியுங்கள். அவைகளில் தண்ணீர் இருக்கின்றது. அந்த அளவுக்கு நல்லது. மருந்துக்குப் பதிலாக அவைகளை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

கிருமியில்லாமலும் முட்டுவது

சிலருக்குக் கிருமியே இல்லாமலிருக்கும். ஆனாலும் மணிக்கு ஒரு தடவை முட்டிக் கொண்டு வரும். இவர்கள் வெளியூர்க் கலியாணத்துக்குப் போவதில்லை, பஸ் ஏறுவதில்லை. "எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வந்து விடுவோம்" என்று ஓடிக் கொண்டே இருப்பார்கள். இதனால் மூத்திரப் பை கொஞ்சம் நிறைந்தாலே மணியடிக்கப் பழகிப் போகின்றது. இதைத் திருப்பிப் பழக்கலாம். மூன்று நாளைக்கு எத்தனை தடவை போனோம் என்று குறித்துக் கொள்ளுங்கள். மணிக்கு ஒரு தடவையென்றால், முட்டும்போது அசையாமல் உட்கார்ந்து, அடியில் மூத்திரத்தை நிறுத்துகின்ற தசையை இறுக்கி விடுங்கள், அலை தணியும். கால் மணி தாமதித்துப் போங்கள். வாரத்துக்கு வாரம் கால் மணி கூட்டி மூன்று மணி நேரத்துக்குக் கொண்டு வரலாம். அந்தத் தசையைத் தினம் இறுக்கி விடுகின்ற பயிற்சியை 1948-இல் கீகல் என்னும் அமெரிக்க வைத்தியர் எழுதி வெளியிட்டார், காசு செலவில்லாதது. காப்பி, டீயைக் குறைத்தாலும் குணம் தெரியும். மலச்சிக்கல் இருந்தால் அதையும் தீர்க்க வேண்டும்.

"அடக்காதே என்று சொன்னீர், இப்போது தாமதி என்கிறீரே!" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்று மணிக்குள் கால் மணி தாமதிப்பது பயிற்சி. பன்னிரண்டு மணி நேரம் பயத்தினால் அடக்குவது தண்டனை. பரிசோதனையில் கிருமி இல்லையென்று தெரிந்த பிறகுதான் பயிற்சி.

பெரியவர் வெட்கப்பட்டாரா?

இதில் வெட்கத்துக்கு இடமே இல்லையென்பதற்கு நம் கண்ணெதிரில் ஒரு வாழ்க்கை இருக்கின்றது. பெரியார் ஈ.வெ.ரா. அவர்கள் தம் கடைசி ஆண்டுகளில் மூத்திரம் பிரிவதற்குக் குழாய் பொருத்திக் கொண்டு, மூத்திரம் சேருகின்ற பாத்திரத்தையும் கூடவே எடுத்துக் கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். மேடையிலே வலியினால் முனகுவார். பிறகு பேச்சைத் தொடருவார். 1973 டிசம்பர் 19-ந் தேதி சென்னை தியாகராய நகரில் கடைசிக் கூட்டம் பேசி, 24-ந் தேதி வேலூரில் 94-ஆவது வயதில் முடிவெய்தினார். அவரது மரியாதை அந்தப் பாத்திரத்தினால் ஒரு குன்றிமணியாவது குறைந்ததா? ஆணுக்குக் குறையாத மரியாதை பெண்ணுக்கு மட்டும் ஏன் குறைய வேண்டும்? ஆண் பிள்ளை சாலையோரத்தில் நின்று பட்டப்பகலில் மூத்திரம் பெய்கின்றான், அது மானக்கேடல்ல. பெண் ஜீப்பை நிறுத்தச் சொன்னால் அது மானக்கேடாம்! இந்த நியாயத்தை எந்தச் சாஸ்திரத்தில் எழுதி வைத்தார்கள்?

கேட்டவர்கள் பெற்றார்கள்

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பிடம் வேண்டுமென்று 9-ஆவது பிரிவு சொல்லிற்று. அதற்குப் பதிலாக வந்திருக்கின்ற 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் தொழில் நடக்கும் இடங்களில் தனித்தனிக் கழிப்பிடம் வேண்டுமென்கின்றது. ஆனால் 5 ஹெக்டேருக்குக் குறைந்த ஏலத்தோட்டம் தோட்டமென்ற கணக்கிலேயே வருவதில்லை. நம் பெண்கள் போகின்ற தோட்டங்களில் சிறியவையும் ஏராளம். சட்டம் இருந்தும், கேட்பாரில்லாவிட்டால் காகிதம்தான்.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கோழிக்கோட்டைப் பாருங்கள். அங்கே மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பிடம் கிடையாது. நம் பெண்களைப் போலவே தண்ணீர் குடிக்காமல் இருந்து நோயாளிகளானார்கள். தையல் வேலை செய்து வந்த விஜி என்னும் பெண்மணி 2009-ஆம் ஆண்டு வாக்கில் பெண்கூட்டு என்று சங்கம் சேர்த்தார். மூத்திரத்துக்கு இடம் வேண்டுமென்று தெருவிலே இறங்கி உரக்கக் கேட்டார்கள். சிரித்தவர்கள் சிரித்தார்கள். போராட்டம் வளர்ந்து, கடையில் நாள் முழுவதும் நிற்கின்ற பெண்கள் உட்காருவதற்கும் உரிமை கேட்டார்கள். 2018-இல் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. 2021-இல் நம் தமிழ்நாட்டிலும் அப்படிச் சட்டம் வந்தது. மூத்திரத்தில் ஆரம்பித்த பேச்சு நாற்காலி வரையில் போயிற்று பார்த்தீர்களா!

ஆகவே இந்தக் கூட்டத்தில் நான் வேண்டிக் கொள்ளுவது நாலு காரியங்கள். ஒன்று, ஜீப் ஓட்டுகின்ற தோழர்கள் மலைக்கு ஏறும்போதும் இறங்கும்போதும், யாரும் கேட்காமலே, கழிப்பிடமுள்ள ஓரிடத்தில் ஐந்து நிமிஷம் நிறுத்த வேண்டும். இரண்டு, கூலி பேசும்போதே தோட்டத்தில் கதவும் தண்ணீருமுள்ள கழிப்பிடத்தையும் பேச வேண்டும்; கூலி உயர்வைக் கேட்கின்ற ஆண்களும் சேர்ந்து கேட்க வேண்டும். மூன்று, நம் ஊர்ப் பஸ் நிலையங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பெண்கள் கழிப்பிடம் பூட்டிக் கிடந்தால் நகராட்சியையும் ஊராட்சியையும் விடாமல் கேட்க வேண்டும். திருவிழாவுக்கு வசூல் செய்கின்ற சுறுசுறுப்பில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும். நாலாவது, இன்றிரவு வீட்டுக்குப் போய் உங்கள் தாயாரையும் மனைவியையும் மகளையும், "பகலிலே தண்ணீர் குடிக்கிறாயா? எரிச்சல் இருக்கிறதா?" என்று கேளுங்கள். "சூடு" என்று பதில் வந்தால், என்னைப் போலப் போய்ப் படுத்து விடாதீர்கள். இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள்.

என் தாயார் பிழைத்தாள். இப்போது மலைக்குப் போவதில்லை. பக்கத்தில் எப்போதும் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருக்கின்றாள். இடுப்பில் இருந்த தாயத்தை ஆஸ்பத்திரியில் கழற்றியவள் மறுபடியும் கட்டிக் கொள்ளவில்லை; நான் சொல்லி அல்ல, அவளாகவே. தெருப் பெண்கள் இப்போது அவளிடம் வந்து காதோடு காதாகக் கேட்கின்றார்கள். "சத்தமாவே கேளுங்கடி" என்கிறாள்.

தோழர்களே! நான் சொன்னதையெல்லாம் நான் சொன்னேன் என்பதற்காக ஏற்றுக் கொள்ள வேண்டாம். வைத்தியரைக் கேளுங்கள், உங்கள் வீட்டிலேயே பரீட்சித்துப் பாருங்கள், சரியென்று பட்டால் செய்யுங்கள்.  கூட்டம் முடியும் வரையில் யாரும் அடக்கிக் கொண்டிருக்க வேண்டாம் என்று தாய்மார்களைக் கேட்டுக் கொண்டு, என் பேச்சை முடித்துக் கொள்ளுகின்றேன்.